917 பந்து போட்ட தம்பி

ஐ.பி.எல். சீசனில் மதுரை கோரிப்பாளையம் டீக்கடைப் பக்கம் நின்றால் ஒரு குற்றச்சாட்டு தினமும் காதில் விழும். “அண்ணே, அவன் டீமுக்கு ஆடலண்ணே, ரெக்கார்டுக்கு ஆடுறான்.” சொல்கிறவர் கையில் வடை, கேட்கிறவர் கையில் மொபைல். ஸ்ட்ரைக் ரேட், ஆவரேஜ், டாட் பால் என்று புள்ளிவிவரம் பொறி பறக்கும். போன மாசம் வீட்டுக் கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பேருக்கும் தெரியாது.

ரெக்கார்டுக்கு ஆடுவது ஏதோ இந்தத் தலைமுறைப் பையன்களுக்கு வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் உலகமே பற்றி எரிந்தபோது, நம் தாத்தா காலத்து வெள்ளைப் பேன்ட் கனவான்கள் இதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1945 மார்ச், ரஞ்சிக் கோப்பை ஃபைனல், பம்பாய்க்கும் ஹோல்கருக்கும் ஆட்டம். ஒரே மேட்சில் விழுந்த ரன்கள் 2078.

அச்சுப் பிழை இல்லை, 2078-தான். இத்தனைக்கும் நாற்பது விக்கெட்டும் விழுந்திருக்கிறது. அதாவது பௌலர்களும் வேலை செய்திருக்கிறார்கள் பாவம், யாரும் கவனிக்கவில்லை!

அதற்குள் போவதற்கு முன்னால் ஊர் நிலவரம் கொஞ்சம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அடுத்தது சென்னைதான் என்று முடிவுகட்டிய பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ரயிலேறி, உள்நாட்டு ஊர்களில் இருந்த சொந்தக்காரர்களின் திண்ணைகளை நிரப்பியது. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து சிங்கம் தெருவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி பகலாக யோசித்த அதிகாரிகள், முன்னெச்சரிக்கையாகச் சிங்கத்தையே சுட்டுவிட்டார்கள். ஜப்பான் படை கடைசிவரை சென்னையில் கரையேறவில்லை. போனது சிங்கம்தான்.

அதே வருஷம் நவம்பரில் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’ என்று ஒரு தினசரியை ஆரம்பித்தார். போர்ச் செய்தி என்றால் ஜனம் பறந்து பறந்து படித்த காலம். செய்திக்குப் பஞ்சமே இல்லை, அதை அச்சடிக்கும் காகிதத்துக்குத்தான் பஞ்சம்.

இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஓவல் மைதானத்தைப் போர்க்கைதிகளை அடைக்கும் முகாமாகத் தயார் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஷெஃபீல்டு ஷீல்டு நின்றுபோயிற்று, மெல்பர்ன் மைதானத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் படுக்கையை விரித்தார்கள். ரஞ்சிக் கோப்பை மட்டும் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. மகாராஜாக்களிடம் பணம் இருந்தது, வீரர்களுக்கு நேரம் இருந்தது, வெள்ளைக்கார அரசாங்கத்துக்கோ ஜனங்கள் காந்தியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசினாலும் சந்தோஷம்.

கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அந்த அமெரிக்கர்கள் செங்கல் செங்கலாகக் கட்டடம் கட்டினார்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள், தங்கள் பேஸ்பாலை மட்டும் நம் தலையில் கட்ட முடியவில்லை. நல்லவேளை. போர்க்காலத்தில் அவர்கள் ஊரில் அந்த ஆட்டம் பட்ட பாடு தெரியுமா?

ஆட்டக்காரர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, ஆள் பிடிக்க அலைந்தார்கள். 1944 ஜூனில் சின்சினாட்டி அணி ஜோ நக்ஸ்ஹால் என்ற பள்ளிக்கூடப் பையனைப் பந்தெறிய இறக்கிவிட்டது. வயது 15. இரண்டே பேரை அவுட்டாக்குவதற்குள் ஐந்து ரன் கொடுத்தான். இந்த வேகத்தில் முழு ஆட்டமும் எறிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்த வருஷத்துக்கான அவன் சராசரி 67.50 என்று புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுப் பாடம் எழுத வேண்டிய வயதில் வரலாற்றில் ஏறினால் இப்படித்தான். பையன் அசரவில்லை. எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, மொத்தம் 135 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தான்.

1945-ல் செயின்ட் லூயிஸ் அணியில் பீட் கிரே ஆடினார். சிறுவயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் 77 ஆட்டம் ஆடி, .218 என்ற சராசரி வைத்தார். இரண்டு கையும் இருந்த எத்தனையோ பேர் அதைவிட மோசமாக அடித்திருக்கிறார்கள், அவர்கள் பெயர்தான் நமக்குத் தெரியாது.

அங்கே பிரச்சினை ஆள் இல்லாதது. நம் பிரச்சினை நேர் எதிர். நம்மிடம் ஆட்கள் இருந்தார்கள், அதுவும் அப்போது உச்சத்தில் இருந்த ஆட்கள். எதிரே ஆட வெளிநாட்டு அணிதான் இல்லை. 1936 ஆகஸ்டில் ஓவலில் ஆடியதற்குப் பிறகு, 1946 ஜூன் வரை இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் மேட்ச்சும் கிடையாது. விஜய் மெர்ச்சன்ட்டுக்கு அந்தப் பத்து வருஷம் 24 வயதிலிருந்து 34 வயதுவரை. ஒரு பேட்ஸ்மேனின் கல்யாண வயது, கச்சேரி வயது எல்லாம் அதுதான். பசியோடு இருக்கிறவனை உள்ளூர்ப் பந்தியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? அண்டாவைக் காலி செய்வான்.

செய்தார்கள். 1943-44 சீசனைப் பாருங்கள். பம்பாயில் பென்டாங்குலர் என்று ஒரு போட்டி. மதத்துக்கு ஒரு டீம். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், இவர்களில் சேராத மிச்சம் மீதி அத்தனை பேரும் ‘ரெஸ்ட்’. அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்குக் கற்பனை வறட்சி என்று தெரிகிறது. இப்படி மதத்தை வைத்து ஆடாதீர்கள் என்று காந்தி 1940-லேயே சொல்லிப் பார்த்தார். மகாத்மா சொன்னால் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்த ஜனம், மேட்சுக்குப் போகாமல் இருக்க மட்டும் தயாராக இல்லை.

அந்தப் போட்டியில் ரெஸ்ட் அணிக்கு ஆடிய விஜய் ஹஸாரே, முஸ்லிம்களுக்கு எதிராக 248 அடித்தார். போட்டியின் ரெக்கார்டு. ஹஸாரே அதிகம் பேசாத மனிதர். மெர்ச்சன்ட்டோ ஆலை அதிபர் குடும்பத்துப் பிள்ளை, கணக்கில் கறார். ஃபைனலில் அதே ரெஸ்ட் அணிக்கு எதிராக இந்துக்களுக்காக இறங்கினார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். 250 நாட் அவுட். ஹஸாரேயைவிட இரண்டே இரண்டு ரன் கூட. ஏலத்தில் கடைசிக் குரல் கொடுப்பது எப்படி என்று வியாபாரக் குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

ஹஸாரே பதில் பேசவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் மட்டையை எடுத்துக்கொண்டு போய் 309 அடித்தார். மொத்த டீமும் சேர்ந்து எடுத்தது 387. மீதிப் பத்துப் பேரும் உதிரியும் சேர்ந்து 78. இதில் உடன்பிறந்த விவேக் ஹஸாரேயோடு சேர்ந்து 300 ரன் பார்ட்னர்ஷிப். அந்த முந்நூறில் விவேக்கின் பங்கு 21. குடும்பச் சொத்தில் நியாயமான பாகப்பிரிவினை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 21 ரன்னுக்காக விவேக் மணிக்கணக்கில் மறுமுனையில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறார் பாருங்கள், அந்த மனுஷனுக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

இதில் பெரிய வேடிக்கை, 309 அடித்தும் ரெஸ்ட் அணி இன்னிங்ஸ் மற்றும் 61 ரன் வித்தியாசத்தில் தோற்றது. டீம் தோற்றது யாருக்கு ஞாபகம்? 309-தான் ஞாபகம். அந்தக் காலத்தில் கோரிப்பாளையம் டீக்கடை விமர்சகர்கள் பம்பாயில் இருந்திருந்தால் ஹஸாரேயை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மெர்ச்சன்ட் சும்மா இருப்பாரா? அதே சீசன் ரஞ்சியில் மகாராஷ்டிராவுக்கு எதிராக 359 நாட் அவுட். 248, 250, 309, 359. இரண்டு நல்லவர்கள், ஒருவர்மேல் ஒருவர் மரியாதை வைத்திருந்தவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நடத்திய இந்தப் போரில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அந்த வருஷம்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் சோறில்லாமல் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஸ்கோர் புக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

இப்போது 1945 மார்ச்சுக்கு வருவோம். பர்மாவில் மாண்டலேயைப் பிடிக்கச் சண்டை நடக்கிறது. ஐரோப்பாவில் நேச நாட்டுப் படை ரைன் நதியைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டுக்கு இது எதுவும் பெரிய செய்தி இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி இருந்த நேரம். தியேட்டரில் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது, ஹரிதாஸோ ஜெயிலில் இருந்தார். இந்தக் களேபரத்தில் பம்பாயில் எவன் எத்தனை ரன் அடித்தால் மதுரைக்காரருக்கு என்ன?

ஃபைனல் நடந்த இடம் பிரபோர்ன் ஸ்டேடியம். அது வந்த கதையே ஒரு தனிக்கதை. கிரிக்கெட் வாரியத்து டி மெல்லோ, பம்பாய் கவர்னர் பிரபோர்ன் பிரபுவிடம் இடம் கேட்டுப் போனார். ‘அரசாங்கத்துக்குப் பணம் வேண்டுமா, இல்லை உங்கள் பெயர் நிலைத்து நிற்க வேண்டுமா?’ என்கிற தொனியில் கேட்டாராம். கவர்னர் யோசிக்கவே இல்லையாம். அந்தப் பிரபு என்னென்ன சட்டம் போட்டார் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது, ஸ்டேடியம் பெயர் எல்லாருக்கும் தெரியும். டி மெல்லோவுக்கு மனுஷ மனம் தெரிந்திருக்கிறது.

பம்பாய்க்கு மெர்ச்சன்ட் கேப்டன். ஹோல்கருக்கு கர்னல் சி.கே. நாயுடு. கர்னல் என்றால் எந்தப் போர்முனையில் என்று கேட்காதீர்கள். இந்தூர் மகாராஜா ஹோல்கர் தன் சேனையில் கிரிக்கெட் வீரர்களுக்குப் பதவி கொடுத்து வைத்துக்கொண்டார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை ரயில்வேக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிறோமே, அதெல்லாம் ராஜாக்கள் போட்ட பிள்ளையார் சுழி.

சி.கே.வுக்கு அப்போது வயது 49. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன். 1926-ல் எம்.சி.சி. அணிக்கு எதிராக 11 சிக்ஸர் பறக்கவிட்டு 153 அடித்தவர். 1941-ல் பாத்கேட் லிவர் டானிக் விளம்பரத்தில் வந்தவரும் இவர்தான். இந்தியக் கிரிக்கெட் வீரர் ஒருவர் விளம்பரத்தில் வந்தது அதுவே முதல் முறை. இன்று கோலா, பைக், சிமென்ட், இன்ஷூரன்ஸ் என்று வீரர்கள் விற்காத பொருள் இல்லை. எல்லாம் கல்லீரலில் ஆரம்பித்ததுதான்!

சி.கே.வின் கண்டிப்பு பிரசித்தம். வலி, களைப்பு, வெயில் போன்ற சமாச்சாரங்களை அவர் நம்பவில்லை. பிற்காலத்தில், 56 வயதில், பம்பாய்க்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் தத்து ஃபட்கரின் பந்து வாயில் பட்டுப் பல் உடைந்தபோது, டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராக நின்றவர். இப்படிப்பட்டவர் கேப்டனாக இருக்கிற டீமில் பௌலராக இருப்பது கஷ்டம். அவருக்குத் தம்பியாகவும் இருந்துவிட்டால்?

சி.எஸ். நாயுடு, சி.கே.யின் தம்பி. பதினெட்டு வயசுக்கு மேல் இளையவர். லெக் ஸ்பின்னர், கூக்ளி போடுவார். அண்ணன் பந்தைக் கையில் கொடுத்தார், தம்பி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், திரும்பக் கொடுக்கவே இல்லை, அல்லது திரும்ப வாங்கிக்கொள்ள அண்ணனுக்கு ஞாபகம் வரவில்லை. முதல் இன்னிங்ஸில் 64.5 ஓவர், 153 ரன், 6 விக்கெட். பம்பாய் 462.

ஹோல்கர் பதிலுக்கு 360. முஷ்தாக் அலி 109. பம்பாய்க்கு 102 ரன் முன்னிலை. இன்றைய கேப்டனாக இருந்தால் கொஞ்சம் அடித்துவிட்டு டிக்ளேர் செய்து கிளம்புவார். மெர்ச்சன்ட்டுக்கு என்ன அவசரம்? இத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கெடு வைக்காத ஆட்டம். நிதானமாக உட்கார்ந்து 278 எழுதினார். கூடவே ரூசி மோடி 151. இந்த மோடியையும் கவனியுங்கள். முதல் இன்னிங்ஸில் 98-ல் அவுட். அந்த ரஞ்சி சீசன் முழுவதும் அவர் ஆடியது ஐந்தே மேட்ச், எடுத்தது 1008 ரன், சராசரி 201.60. ஒரே ரஞ்சி சீசனில் ஆயிரம் ரன் எடுத்த முதல் ஆள். இருநூறு சராசரி வைத்திருப்பவர் 98-ல் அவுட்டாகிவிட்டு என்ன முகத்தோடு பெவிலியனுக்குத் திரும்பியிருப்பார்!

பம்பாய் இரண்டாவது இன்னிங்ஸ் 764. நம் தம்பி இந்த இன்னிங்ஸில் போட்டது 88 ஓவர். 275 ரன் கொடுத்து 5 விக்கெட். ஆக மேட்சில் மொத்தம் 152.5 ஓவர், 917 பந்து, 428 ரன், 11 விக்கெட். உலகத்தில் எந்த முதல்தர ஆட்டத்திலும் எவரும் இத்தனை பந்து போட்டதில்லை, இத்தனை ரன் கொடுத்ததும் இல்லை. இரண்டு ரெக்கார்டும் ஒரே ஆளிடம், ஒரே மேட்சில்.

ஐ.பி.எல்.லில் ஒரு பௌலருக்கு ஒரு மேட்சில் 24 பந்துதான். அந்தக் கணக்கில் 917 பந்து போட 39 மேட்ச் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று சீசன். அதற்குள் இரண்டு முறை ஏலம் போவார், ஒரு முறை முதுகு வலிக்கு ஜெர்மனி போவார், கல்யாண ஆல்பம் வெளியிடுவார். சி.எஸ். அதைச் சில நாளில் முடித்துவிட்டு, “அண்ணா, இன்னும் ரெண்டு ஓவர் போடவா?” என்று கேட்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். லிவர் டானிக் யாருக்குத் தேவைப்பட்டதோ அவருக்கு விளம்பரம் கிடைக்கவில்லை.

ஹோல்கர் ஜெயிக்க 867 ரன் வேண்டும். சிரிக்காதீர்கள், அவர்கள் சிரிக்கவில்லை. முஷ்தாக் அலி போய் இன்னொரு சதம் அடித்தார், 139. முஷ்தாக் ஆடினால் கூட்டம் சாப்பாட்டை மறக்கும். அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணி வந்தபோது கல்கத்தா மேட்சுக்கு அவரை எடுக்கவில்லை என்று தெரிந்ததும், ரசிகர்கள் தேர்வுக்குழுவின் துலீப்சிங்ஜியை வளைத்துக்கொண்டு, ‘முஷ்தாக் இல்லையென்றால் டெஸ்ட் இல்லை’ என்று கோஷம் போட்டுத் தங்கள் ஆளைச் சேர்க்க வைத்தார்கள். சோஷியல் மீடியா இல்லாத காலத்தில் ட்ரெண்டிங் என்றால் சட்டையைப் பிடிப்பதுதான்.

மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரர். டெனிஸ் காம்ப்டன். இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை, ஆர்சனலுக்குக் கால்பந்தும் ஆடுகிறவர். போர் அவரை இந்தூருக்குப் பக்கத்திலிருந்த மௌ ராணுவ முகாமுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தது. பர்மா காட்டுக்குப் போகிற சிப்பாய்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற சார்ஜன்ட். நிஜப் பட்டாளத்துச் சார்ஜன்ட், கிரிக்கெட் பட்டாளத்துக் கர்னலிடம் வந்து சேர்ந்தார். எந்த யூனிஃபார்ம் அவருக்கு அதிகம் பிடித்தது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

முதல் இன்னிங்ஸில் காம்ப்டன் 20. அந்தச் சமயத்தில்தான் கதைக்குள் இந்தூர் பணக்கார வியாபாரி ஒருவர் நுழைகிறார். நூறு ரன்னுக்கு மேலே நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் பணம் தருகிறேன் என்று காம்ப்டனிடம் வாக்குக் கொடுத்தார். தொகை எவ்வளவு என்பது சொல்கிறவரைப் பொறுத்துக் கூடும். எப்படியும் சார்ஜன்ட் சம்பளத்தோடு ஒப்பிட்டால் லாட்டரிதான்.

காம்ப்டன் கவனமாக ஆட ஆரம்பித்தார். வியாபாரி சதம்வரை சந்தோஷமாகக் கை தட்டியிருப்பார். 120, 150, 180. ஒரு பக்கம் விக்கெட் விழ விழ, இவர் மட்டும் அசையவில்லை. 200. கைதட்டல் இந்நேரம் கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கும். கடைசியில் ஹோல்கர் 492-க்கு ஆல் அவுட்டானபோது காம்ப்டன் 249 நாட் அவுட். பம்பாய் 374 ரன்னில் ஜெயித்தது. பாக்கி, 149 ரன்னுக்கான பணம்.

காம்ப்டன் வியாபாரியைத் தேடினார். ஒரு சீட்டு கிடைத்தது. மிகவும் வருந்துகிறேன், மிக அவசர வேலையாகக் கல்கத்தா போகவேண்டியதாகிவிட்டது. இவ்வளவுதான் சீட்டில் விஷயம்!

அதே வருஷக் கடைசியில் காம்ப்டன் கல்கத்தாவுக்கே போனார். வசூலுக்கு இல்லை, ஆஸ்திரேலியப் படைவீரர்களுக்கு எதிராகக் கிழக்கு மண்டல அணிக்கு ஆட. நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, ஊரில் நடந்த கலவரக் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அவரை நோக்கி வந்தது. கடன்காரர்தான் மனம் திருந்தி ஆள் அனுப்பினாரோ என்று ஒரு வினாடி நினைத்திருக்கலாம். கூட்டத்தில் ஒருவர் வந்து, நீங்கள் ரொம்ப நல்ல ஆட்டக்காரர், ஆனாலும் மேட்ச் உடனே நின்றாக வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். கலவரத்திலும் பண்பு! எதிரணியில் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற கீத் மில்லர், பிறகு ஆஷஸ் ஆட்டங்களில் காம்ப்டன் பேட் பிடிக்க வரும்போதெல்லாம் அதே வசனத்தைச் சொல்லி வெறுப்பேற்றினார்.

அந்த ஆஸ்திரேலிய அணி 1945 டிசம்பரில் சேப்பாக்கத்துக்கு வந்தது, இந்தியா ஜெயித்தது, ரூசி மோடி 203. சேப்பாக்கத்துக்கு அது பழக்கமில்லாத பெரிய நம்பர். அங்கேதான் 1934-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நடந்தது. மைசூர் 48 மற்றும் 59. மெட்ராஸ் 130. ராம்சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். காலையில் ஆரம்பித்து அன்று சாயங்காலத்துக்குள் மேட்ச் முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பம்பாய்க்காரர்கள் நாள் கணக்காக உழைத்துச் செய்ததை நம் ஆட்கள் ஒரே நாளில் செய்ததை எந்தப் பம்பாய்க்காரரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

சரி, அந்த 2078 என்ன ஆயிற்று? நான்கு வருஷம்தான் தாங்கியது. 1948-49-ல் புனாவில் ஒரு ரஞ்சி ஆட்டத்தில் 2376 ரன். உடைத்தது யார்? பம்பாயேதான். மெர்ச்சன்ட்டின் 359-ஐ அதே சீசனில் மகாராஷ்டிராவின் நிம்பால்கர் தாண்டினார். கத்தியவாருக்கு எதிராக 443 நாட் அவுட். பிராட்மனின் உலக ரெக்கார்டு 452, இன்னும் பத்து ரன் அடித்தால் அது காலி. எதிரணிக் கேப்டனாக இருந்த ராஜ்கோட் தாக்கூர் சாகேப், தன் பௌலர்கள் பெயர் இப்படி சரித்திரத்தில் ஏற வேண்டாம் என்று முடிவெடுத்து, உணவு இடைவேளையோடு அணியைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ராஜா அல்லவா, யார் தடுப்பது! நிம்பால்கருக்குக் கடைசிவரை டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை. ராஜா செய்ததால் அந்த 443 இன்னும் பிரபலமானதுதான் மிச்சம்.

பேட்ஸ்மேன்களின் நம்பர்கள் எல்லாம் இப்படி ஒருவர் தலையில் ஒருவர் ஏறிப் போய்க்கொண்டே இருக்க, அந்த மேட்சிலிருந்து அசையாமல் நிற்பது சி.எஸ். நாயுடுவின் 917 பந்தும், அவர் கொடுத்த 428 ரன்னும்தான். இனி எவரும் உடைக்கவும் முடியாது. அப்படி ஓர் அண்ணன் கிடைக்க மாட்டார்.

இன்னொன்றும் அப்படியே நிற்கிறது. அந்தக் கடன். காம்ப்டன் 1997-ல் காலமானார். அவர் பேரன் நிக் காம்ப்டன் இங்கிலாந்துக்கு ஆடினார், தன் முதல் டெஸ்ட்டையே 2012-ல் இந்தியாவில், அகமதாபாத்தில் ஆடினார். இந்தூரிலிருந்து எட்டித்தொடும் தூரம். அப்போதுகூட யாரும் கவரோடு வரவில்லை. அந்த வியாபாரியின் வாரிசுகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. 149 ரன், எண்பது வருஷ வட்டி. கல்கத்தா வேலை இந்நேரம் முடிந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.